நேராக இருந்த கோடு

மாப்பிள்ளை என் சைக்கிளின் முன்னால் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஹேண்டிலின் கழுத்தில் இருந்த இரண்டு போல்ட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தான். மலையின் உச்சி. எங்கள் பயணத்தில் மூன்றாவது நாடு, பத்தொன்பதாவது நாள். நண்பகலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, ஆனாலும் காது மடல் மரத்துப்போகிற குளிர். சாலையோரத்தில் ஒரு பலகை நின்றது. நெளிந்து நெளிந்து இறங்கும் ஒரு சாலையின் படம், அதன் கீழே 27 என்ற எண். அந்த நாட்டு எழுத்து எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும் என்று புரிந்துகொள்ள எழுத்து தேவைப்படவில்லை.

"மச்சான், உன் வண்டியில கோடு விலகியிருக்கு" என்றான். பிறகு இரண்டடி நகர்ந்து டெய்லரின் சைக்கிளையும் பார்த்தான். "இதுலயும் விலகியிருக்கு. என் வண்டியில மட்டும்தான் அப்படியே நேரா இருக்கு."

"ஏத்தத்துல ஆடியிருக்கும். நான் பார்க்கறேன்."

"பாரு, நிதானமா பாரு. எல்லாத்தையும் முடுக்கிக்கிட்டு டெய்லரண்ணனைக் கூட்டிக்கிட்டு வா. நான் முன்னாடி போறேன். கீழ மொத கடையில டீ சொல்லி வெக்கறேன்."

கோடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் லிப்ட் மெக்கானிக். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை அளவாக முடுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவோம். அடுத்த மாதம் போய்ப் பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. கோடு உடைந்து, தலையில் ஒரு துண்டும் இரும்பில் ஒரு துண்டும் தனித்தனியாக நின்றால் போல்ட் திரும்பியிருக்கிறது, ரெஞ்சை எடு என்று அர்த்தம். இருபதாவது மாடியில் தொங்கும் பெட்டிக்குள் ஒருவர் நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டு நிற்கிறார் என்றால், இந்தக் கோட்டின் தைரியத்தில்தான் நிற்கிறார். இந்த வழக்கத்தை நான் எங்கள் சைக்கிள்களுக்கும் கொண்டுவந்தேன். பெயிண்ட் பேனா இரண்டாவது நாட்டிலேயே காய்ந்துவிட்டது. ஒரு கடையில் ஜாடை காட்டிக் காட்டி, கடைசியில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு புட்டி வாங்கினேன். கடைக்காரப் பெண் என் விரல்களை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

என் கூட்டாளிகள் எனக்கு வைத்த பெயர் பிரேக்கு. நான் இறக்கத்தில் பிரேக்கை விடுவதே இல்லை என்பதால் அல்ல, எதற்கெடுத்தாலும் 'கொஞ்சம் இரு' என்பவன் நான் என்பதால். கூடாரத்தை எங்கே அடிப்பது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு 'கொஞ்சம் இரு'. மாப்பிள்ளை இதற்கு நேர் எதிர். அவன் என் தங்கையின் கணவன், அதற்கு முன்பே என் நண்பன். பன்னிரண்டு வயதில் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போய் ஒரே சாக்கடையில் விழுந்து எழுந்தவர்கள் நாங்கள். இருபது வருடங்களாக டவுன் பஸ் ஓட்டுகிறான். "அறுபது பேரை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு, பிரேக்குல கால் வெச்சபடியே இருபது வருஷம் போயிருச்சு மச்சான். ஒரு மலையில, ஒரே ஒரு தடவை, விட்டுப் பார்க்கணும்" என்பான். இந்தப் பயணத்துக்கு அவன் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்ததே இந்த இறக்கத்துக்காகத்தான். டெய்லர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று சைக்கிள்களிலும் தொங்கும் பைகள் அவர் தைத்தவை. பேச்சு குறைவு. பேசினாலும் வாயில் ஊசி இருப்பதைப் போல உதட்டோரத்தால் பேசுவார்.

கிளம்பிய அன்று என் தங்கை வாசலில் நின்றபடி அவனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "அண்ணா, நான் அவரை நம்பி அனுப்பல. உன்னை நம்பி அனுப்பறேன்." அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கினான். பெடல் மிதிக்கவில்லை, மிதிக்கத் தேவையும் இல்லை. முதல் வளைவுக்கு முன்னால் இரண்டு முறை மணி அடித்தான். எதிரே ஈ காக்கை இல்லை. இருந்தாலும் கண் மறைவான வளைவு வந்தால் ஹாரன் அடித்துப் பழகிய கை அது. பயணம் முழுக்க அவன் அப்படித்தான். "ஊர்ல விட்டுட்டு வந்த பஸ்ஸை இங்கயும் ஓட்டறான்" என்று டெய்லர்கூடக் கிண்டல் செய்திருக்கிறார். அவன் வளைவில் மறைந்தான். சிறிது நேரத்தில் கீழேயிருந்து மறுபடி இரண்டு மணி கேட்டது.

நான் ரெஞ்சை எடுத்தேன். சரியான அளவுக்கு முடுக்கியதும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற ரெஞ்ச் அது. என் வண்டியின் முதல் போல்ட்டில் மாட்டித் திருப்பினேன். திருப்பக்கூட இல்லை, தொட்டதுமே 'டக்' என்றது. இரண்டாவதும் அப்படியே. டெய்லரின் வண்டியிலும் இரண்டு 'டக்'. நான்கு போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. அப்படியானால் கோடு எப்படி விலகியது என்று ஒரு கணம் யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

அன்று காலை எல்லையில் ஒரு சுரங்கப்பாதை வந்தது. அதற்குள் சைக்கிள் போகக் கூடாது, வேனில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். வேனில் மூன்று சைக்கிளும் அடங்குவதற்காக ஹேண்டில்களைத் தளர்த்தி, பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். சுரங்கத்தின் இந்தப் பக்கம், சோதனைச் சாவடியின் வாசலில் இறக்கி, மூன்றையும் நேராக்கி, போல்ட்டுகளைக் கையால் திருகி நிறுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன், குளிரில் நகப்பாலிஷ் களிம்பாகிக் கிடந்தது. புட்டியை அக்குளில் வைத்துச் சூடு பண்ணினேன். இளகியது. மறுபடி உறைவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று ஆறு போல்ட்டுகளுக்கும் ஒரே மூச்சில் கோடு போட்டுவிட்டேன். முடுக்கும்போது கொஞ்சம் விலகும், விலகினால் பிறகு ஒரு தொடு தொட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். முடுக்கு, பிறகு கோடு என்று பதினெட்டு வருடங்களாகக் கடைப்பிடித்த வரிசையை ஒரு புட்டி நகப்பாலிஷுக்காக மாற்றினேன். என் வண்டியில் இரண்டு 'டக்'. டெய்லர் வண்டியில் இரண்டு 'டக்'. சாவடி ஜன்னலிலிருந்து அதிகாரி என் பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டிக் கூப்பிட்டார். போட்டோவில் தாடி இல்லை, முகத்தில் தாடி இருந்தது. தொப்பியைக் கழற்றச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், யாருக்கோ போன் செய்தார். இருபது நிமிடம் கழித்து முத்திரை விழுந்தது. விட்டால் போதும் என்று வெளியே வந்தேன். மூன்று சைக்கிள்களிலும் சிவப்பாக ஆறு கோடுகள். சிவப்பைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று பழகிய கண் எனக்கு. ரெஞ்சைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

முடுக்கிய போல்ட்டுகளில் கோடு விலகியிருந்தது. மாப்பிள்ளையின் வண்டியில் நேராக இருந்தது. நேராக இருந்ததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

"டெய்லரண்ணே, அவன் வண்டி முடுக்கல" என்றேன்.

"காலையில நான்தானே அதைப் பார்த்தேன். கோடு நல்லா இருந்துச்சே" என்றார். தினமும் ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பதும் நான் போட்ட விதிதான். அவருடைய பங்கு மாப்பிள்ளையின் வண்டி. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே.

போனை எடுத்தேன். டவர் இல்லை. மலை விளிம்புக்கு ஓடிப்போய் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "மாப்ளே, நில்லு." டெய்லரும் வந்து கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கீழே, மூன்று நான்கு வளைவுகள் தாண்டி, மஞ்சள் சட்டை ஒரு பொட்டாகத் தெரிந்தது. எங்கள் குரல் அவனுக்கு வெறும் உற்சாகமாகக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். கூடுதலாக நான்கு முறை மணி அடித்தான். ஒற்றைக் கையால் ஓட்டுகிறான்.

ஏற்றத்தில் கழுத்து தளர்ந்திருப்பது தெரியாது. மெதுவாக, நேராகப் போகிற வண்டியில் கையால் திருகிய போல்ட்டே தாக்குப்பிடிக்கும். இறக்கத்தில் வேகம் பிடித்து, பிரேக் போட்டு, ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போதுதான் அது கைவிடும். ஹேண்டில் திரும்பும், சக்கரம் திரும்பாது. சாலை வளையும், வண்டி வளையாது. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நாங்கள் இறங்கினோம். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எதிலும் போனதில்லை. பயத்தில் வேகம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், சில இடங்களில் அதுவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய கல் நட்டிருந்தார்கள். 27, 26, 25. இருபத்துநான்கில் நிறுத்தி மூச்சை அடக்கிக் காது கொடுத்தேன். எங்கோ கீழே இரண்டு மணி. இருக்கிறான். மறுபடி இறங்கினோம். இருபத்தொன்றில் நிறுத்தினேன். காற்று. காற்றுக்கு நடுவே மணி, இரண்டு முறை. முன்பைவிடத் தள்ளிக் கேட்டது. நாங்கள் நெருங்கவில்லை, அவன்தான் எங்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். அந்த மணிச் சத்தத்தை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அது நின்றுவிடக் கூடாது என்று, சாமி கும்பிடாத நான், யாரிடம் என்று தெரியாமல் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாவது வளைவில் நிறுத்தினோம். சத்தமில்லை. நூறு வரை எண்ணினேன். டெய்லர் தன் சக்கரம் சுற்றும் ஓசைகூட வராமல் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். இருநூறு வரை எண்ணினேன். எதுவும் கேட்கவில்லை.

"தூரமாப் போயிருப்பான். அதான் கேக்கல" என்றார் டெய்லர். அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் நம்பவில்லை.

பதினாறுக்கும் பதினைந்துக்கும் நடுவில் சாலையில் ஒரு நீல நிறத் தண்ணீர் பாட்டில் கிடந்தது. அவனுடையதுதான். மூடியில் என் தங்கை நூலால் கட்டியிருந்த அடையாளத் துணி இருந்தது. பாட்டில் சுவரோரமாக உருண்டு, சுவர் இல்லாத ஓர் இடைவெளியில் நின்றிருந்தது. நான் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றேனே தவிர, அந்த விளிம்புக்குப் போக என் கால் வரவில்லை. "அண்ணே, நீங்க பாருங்க" என்றேன். டெய்லர் தரையில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக் கீழே பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் மனதுக்குள் என் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும் முதலில் என்ன சொல்வது, அவள் 'அண்ணா, சொல்லு' என்பாளே, அதற்கு அடுத்த வார்த்தை எது என்று தேடினேன். கோடு போட்டேன், முடுக்கவில்லை என்றால் அவளுக்குப் புரியுமா? லிப்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்குமா? நகப்பாலிஷைப் பற்றி? எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாலும் அது அவனிடம் போகாமல் என்னிடமே திரும்பி வந்தது.

"ஒண்ணுமில்ல, புதர்தான் இருக்கு" என்று எழுந்தார் டெய்லர். அவருடைய சட்டை முன்பக்கம் முழுக்க மண். கை மட்டும் பாட்டிலை இறுகப் பிடித்திருந்தது.

பதின்மூன்றாவது வளைவில் அவன் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது, விழுந்து கிடக்கவில்லை. ஆனால் ஆள் இல்லை. நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை, கீழே போட்டுவிட்டு ஓடினேன். சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க இந்தத் தடவை என் கால் மறுக்கவில்லை. கீழே வெறும் சரிவு, அதன் அடியில் நூல் போல ஓர் ஆறு.

"அங்க என்ன பார்க்கறே?"

குரல் பின்னாலிருந்து வந்தது. சாலையின் மறுபக்கம், பாறைக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவே, பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் மடியில் இருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை, அடிபடவும் இல்லை, அது வெளுத்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது, ஓங்கி அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அவன் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் நின்னுட்டே?"

அவன் டெய்லரைப் பார்த்தான். அவர் எதையோ எடுக்கப் போவது போல விலகிப் போனார். அதன் பிறகுதான் பேசினான்.

"சிரிக்கக் கூடாது. கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, மச்சான். மொதல்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வளைவுல திருப்பினா, நான் நினைச்ச இடத்துக்கு வண்டி வரல. ஒரு சாண், ரெண்டு சாண் தள்ளித் தள்ளிப் போகுது. பாட்டில் விழுந்த இடத்துல கிட்டத்தட்ட வெளியவே போயிட்டேன். இங்க சுவத்துல காலை ஊணித்தான் நிறுத்தினேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வண்டியில ஏதாவதான்னு இறங்கிப் பார்த்தேன். ஒண்ணுமில்ல. உன் கோடு நேராத்தான் இருக்கு. அப்ப கோளாறு எனக்குத்தானே. நாப்பத்தஞ்சு வயசாச்சு. எல்லா டிரைவருக்கும் ஒரு நாள் வரும்னு சொல்வாங்க, எனக்கு இங்க வந்திருக்கு. திரும்பிப் போய் பஸ்ஸை எப்படி எடுக்கறதுன்னு உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அறுபது பேரு, மச்சான். எழுதிக் கொடுத்துட்டு டெப்போவுல வேற வேலை கேக்கலாம்னு இருக்கேன்."

எனக்கு ஒரு வழி தெரிந்தது. அதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வண்டியை ஒரு பார்வை பார்க்கிறேன் என்று போய், இரண்டு போல்ட்டையும் சத்தமில்லாமல் முடுக்கிவிடலாம். கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். டெய்லர் வாயைத் திறக்க மாட்டார். என் தங்கை என்னை நம்பியபடியே இருப்பாள். இவன் மட்டும் தன் கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, டெப்போவில் டிக்கெட் கட்டு எண்ணிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டுவான். கேவலம்தான், ஆனாலும் ஒரு முழு நிமிடம் நான் அதை யோசித்தேன். அவன் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து, நடுங்குகிறதா என்று முகத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டான். நான் எழுந்தேன்.

அவன் சைக்கிளின் முன்சக்கரத்தை என் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலைத் திருப்பினேன். ஹேண்டில் மட்டும் திரும்பியது. சக்கரம் என் முழங்கால்களுக்கு நடுவே அசையாமல் நின்றது.

"நான் முடுக்கவே இல்ல, மாப்ள" என்றேன். "காலையில எல்லாத்துக்கும் கோடு போட்டுட்டேன். உன் வண்டியை முடுக்கறதுக்குள்ள அந்த ஆபீசர் கூப்பிட்டாரு. வந்து கோட்டைப் பார்த்தேன், முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுட்டேன்."

அவன் எழுந்து வந்தான். என்னை நகரச் சொல்லாமல் தோளால் நகர்த்திவிட்டு, சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்தான். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான், மறுபடி இடப்பக்கம். அவன் பார்வை ஹேண்டிலில் இல்லை, அதைப் பிடித்திருந்த கைகளில் இருந்தது.

"அப்ப கை நடுங்கல."

"நடுங்கல."

டெய்லர் திரும்பி வந்து, பாட்டிலை அவனிடம் நீட்டிக்கொண்டு நின்றார். அவன் வாங்கவில்லை. என் கையிலிருந்த ரெஞ்சை வாங்கினான். எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தும் கற்றுக்கொள்ளாதவன், ஹேண்டிலைக் கண்ணால் நேர்பிடித்து, முதல் போல்ட்டில் மாட்டித் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான். கோடு நடுவில் வெடித்து, சிவப்புச் செதிலாக உதிர்ந்தது. 'டக்.' அடுத்தது. 'டக்.' பிறகு என் வண்டிக்குப் போய், அதே மாதிரி முழங்காலால் சக்கரத்தைப் பிடித்து ஹேண்டிலைத் திருகிப் பார்த்தான். டெய்லரின் வண்டியையும் பார்த்தான். கோட்டைப் பார்க்கவே இல்லை.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாரை இழுத்துக்கொண்டே சொன்னான்: "உன் தங்கச்சிகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

"சொல்றேன்."

"நீ முன்னாடி போ. நான் கடைசியா வர்றேன்."

பத்தொன்பது நாட்களில் அவன் கடைசியாக வந்ததில்லை. நான் ஏறினேன். எனக்குப் பின்னால் டெய்லர். இன்னும் பன்னிரண்டு வளைவுகள் இருந்தன. இரண்டு பிரேக்குகளையும் பாதி அழுத்தியபடி பன்னிரண்டாவது எண் கல்லைத் தாண்டினேன். டெய்லரின் டயர் சரளையில் உரசுவது கேட்டது. அதற்குப் பின்னால் மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மெதுவாக வருகிறான், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். பதினொன்றிலும் வரவில்லை. திரும்பிப் பார்க்கலாம், ஆனால் அந்தச் சாலையில் திரும்பிப் பார்க்க முடியாது. பத்தாவது வளைவு எதிரே வந்தது. மறுபக்கம் தெரியாமல் ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. என் ஹேண்டிலில் ஒரு மணி இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. கட்டை விரலை நீட்டி இரண்டு முறை அடித்தேன். சத்தம் பாறையில் மோதி மேலே ஏறிப் போனது. பிரேக்கிலிருந்து விரல்களை எடுக்காமல், காதை மேலேயே வைத்துக்கொண்டு, வளைவுக்குள் திரும்பினேன்.